கேபின் டிக்கெட் எடுத்த மாப்பிள்ளை

அன்று எங்கள் தீவின் கப்பல்துறையான ஹேடோ ஜெட்டியில் நின்றவர்கள்: என் அக்கா. அத்தான். வழியனுப்ப வந்த டீக்கடை பாய். நான். நான் போட்டிருந்த கோட்டு பாயுடையது. கேபின் டிக்கெட் மட்டும் என்னுடையது.

மெட்ராஸுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். அக்காவுக்கும் அத்தானுக்கும் கப்பலின் அடியில் பங்க். தட்டுத் தட்டாகப் படுக்கை, நூற்றுக்கணக்கில் ஆள். எனக்கு மேல்தட்டில் தனி அறை. கட்டணம் பங்கைப் போல மூன்று மடங்கு.

காரணம் உண்டு. பெண்ணின் அப்பா எங்கள் சொந்த ஊர்க்காரர், மெட்ராஸ் ராயபுரத்தில் இருந்தார். கைதிகளைக் கொண்டுவிட்ட தீவுக்கா பெண் கொடுப்பேன் என்று ஏற்கெனவே ஒரு வரனைத் திருப்பியவர். ஹார்பருக்கே வந்து என்னைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக எழுதியிருந்தார். ‘கேபினில் வருகிறேன்’ என்று பதில் போட்டேன். எழுதியது பாய். என் கையெழுத்து பெண் கேட்கிற தரத்தில் இல்லை.

“ஏலே, மாப்ள மேல போறான், மாப்ள வீட்டுச் சனம் கீழ போவுது. நல்ல நியாயம்லா,” என்றாள் அக்கா.

“மேல ஆட்டம் ஜாஸ்தி மச்சான். சொல்லிட்டேன்,” என்றார் அத்தான்.

கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் அந்த ஜெட்டியில் மூட்டை தூக்கியவன் நான். கப்பலைப் பற்றி எனக்கே பாடமா என்று நினைத்தேன். நான் ஏறி இறங்கியதெல்லாம் கயிற்றில் கட்டி நின்ற கப்பல். அது மறந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை, சாப்பாட்டு ஹாலில் முட்டையை முள்கரண்டியால் துரத்திக்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு ஆபீசர். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடல் எழும்பியது. முட்டை நின்றது, நான் ஓடினேன்.

கீழே போகிற படியில் கப்பல் வேலையாள், கலாசி ஒருவன் மறித்தான்.

“அரே, கேபின்வாலா நீச்சே கஹாங்?” கேபின்காரனுக்குக் கீழே என்ன வேலை என்கிறான்.

“பேட் மே கட்பட்,” என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். சிரித்துக்கொண்டே விட்டான்.

அக்கா எலுமிச்சை ஊறுகாயைக் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தாள். பக்கத்துப் படுக்கையில் எங்கள் தீவின் பெரார்கஞ்ச் ஊர் வங்காளி அம்மா ஒருத்தி விசிறினாள். மெட்ராஸ் வரும்வரை அங்கேயே கிடந்தேன். கோட்டும் ஷூவும் மட்டும் கேபினில் பயணம் செய்தன.

கரை தெரிந்ததும் கோட்டையும் ஷூவையும் எடுக்க மேலே ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. கேபின்காரர்கள் முதலில் அவர்கள் ஏணி வழியாக இறங்குவார்கள், பிறகுதான் பங்க் கதவு திறக்கும். என் வரன் அந்தக் கதவுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது.

இறங்கினோம். கை சும்மா இருக்கவில்லை. அக்காவின் தகரப் பெட்டி என் தலையில்.

பெண்ணின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

“வாம்மா. மேல எல்லாரும் எறங்கியாச்சே, மாப்ளையக் காணலியே?”

“பெட்டிக்கு அடியில நிக்கான் பாருங்க அண்ணாச்சி.”

குனிந்து பார்த்தார். நான் வெறுங்காலில் நின்றேன்.

“கேபின்னு எழுதுனீரே?”

“எடுத்தேன்.”

“பொறவு?”

“வாந்தி.”

அவர் சிரிக்கவில்லை. வங்காளி அம்மா அக்காவின் கையைப் பிடித்து, கண்ணைத் துடைத்து, விடைபெற்றுக்கொண்டிருந்தாள். அதையே பார்த்தார்.

“அது யாரு?”

“கீழ எங்ககூட வந்தவ. நம்ம பாஷ தெரியாது,” என்றாள் அக்கா.

என்னிடம் திரும்பினார். “உம்ம கேபின்ல எத்தன பேரு?”

“நான் ஒருத்தன்.”

மறுபடி வங்காளி அம்மாவைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“பொண்ணு தாரேன். ஆனா அவள கேபின்ல கூட்டிட்டுப் போகப்பிடாது. அத்தன நாளு நடுக்கடல்ல ஒரு பொம்பளைக்கு வாய் தொறக்க ஆளு வேணும்.”

தலையாட்ட முடியவில்லை. பெட்டி இருந்தது. சரி என்றேன்.

கப்பல்காரர்கள் பிறகு கேபினில் விசிறி மாட்டினார்கள், மெத்தை மாற்றினார்கள், கட்டணத்தையும் ஏற்றினார்கள். எங்களை மேலே இழுக்க முடியவில்லை. ஆனாலும் அவர்கள் கப்பலில்தான் போனோம். வேறு கப்பல் ஏது.

மாமனார் காலமான பிறகு ஒரு தடவை மனைவி கேட்டாள்.

“இனி யாரு கேக்கப் போறா? ஒருதரம் மேல போவமே.”

“வாந்தி வரும்.”

“உங்களுக்குத்தான.”

பங்க்தான் எடுத்தேன். அவளோடு கடல் தாண்டியது, போனதும் வந்ததுமாக, பதினேழு தடவை; ஒரு தடவைகூட கேபின் இல்லை.