பஸ் பாலத்தோடு நின்றபோது

ஆடைத் தொழிற்சாலையில் ஒரு தையல் வரிசைக்கு நான் பொறுப்பு. புதிதாக வந்த மனேஜர், வவுணதீவுக்கு உள்ளே போய்ப் பெண்களை ஏற்றிவந்த பஸ் இனிப் பாலத்தடியில் மட்டுமே நிற்கும் என்றார். வயல் வட்டைகளுக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள் விடியுமுன் சைக்கிளில் பாலத்துக்கு வரவேண்டும். அது யானை இறங்குகிற வழி.

"அக்கா, நீங்க போய்க் கதைங்க" என்றார்கள் என் வரிசைப் பெண்கள்.

சொல்லவேண்டியதை வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அவர் அறைக்குள் போனதும் குரல் தேய்ந்துவிட்டது. "ஏலுமெண்டா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சேர்" என்று சிரித்துவைத்தேன். ஏன் சிரித்தேனோ. "பாப்பம்" என்றார் போனைப் பார்த்தபடி. அதோடு முடிந்தது.

ஒருநாள் வீதியில் யானை நிற்க, ஒருத்தி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி விழுந்து, முழங்காலில் இரத்தத்தோடு பிந்தி வந்தாள். பிந்தியதற்கு அரைநாள் லீவு வெட்டு என்றார் மனேஜர்.

"நீங்க ஒருக்கா அந்த றோட்டால சைக்கிள் ஓடிப் பாருங்க!" என்று அவள் கத்தினாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இவள வேலையால நிப்பாட்டி வீட்ட அனுப்புங்க" என்றார் மனேஜர் என்னிடம்.

அந்தக் கிழமை முழுக்க இரவுகளில், சுகமில்லாத கணவரோடு ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தேன். பயப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. மனேஜரின் பின்னால் அறைக்குப் போய், கால் உளைச்சலில் அவர் சொல்லாமலே கதிரையில் இருந்தேன்.

"அவ கத்தினது பிழைதான் சேர். சொன்னது பிழையில்ல. அவவ அனுப்ப ஏலா."

பேசாமல் இருந்தேன். சிரிக்கவும் இல்லை. அவர் எழும்பினார், திரும்ப இருந்தார்.

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

முதல்முறையாகக் கேட்டார்.

"பஸ் ஊருக்குள்ள போகட்டும். அது சுத்தி வர நேரமெடுக்கும், காலையில அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்குவம். பின்னேரம் அதுக்கு நிண்டு செய்றம்."

ஏலாது, ஏலாது என்றுவிட்டுக் கடைசியில் ஒத்துக்கொண்டார். கத்தியதற்கு அவள் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது மட்டும் அவர் பிடி. அவளும் என் முகத்தைப் பாராமல் கேட்டாள். சில மாதங்களில் வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

பஸ் வந்தது. பின்னேரம் வீடு போகப் பிந்துகிறது என்று கைக்குழந்தைக்காரர்கள் என்னைத்தான் ஏசினார்கள். ஆனாலும் துணிச்சல்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள இப்போது தெரியும். அந்தக் கதவைத் தட்டும்போது வருகிற பயம் மட்டும் இன்னும் போகவில்லை. பேசாமல் ஒரு மெஷின் முன்னால் இருந்து சட்டைக் கொலர் தைக்கலாமே என்று தோன்றும்.

நேற்றும் இரண்டு பேர் மின்விசிறிக்குச் சண்டை பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். சோற்றுப் பார்சலை மூடிவைத்துவிட்டு எழும்பினேன்.