எதையும் தொடாமல் எழுந்த முள்

ஆவி, பேய் என்று யாராவது பேச வந்தால் முகத்துக்கு நேரே சிரித்துவிடுகிற ஆள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், ஆனாலும் சொல்கிறேன், எங்கள் மலாய்த் தீவின் ஜார்ஜ் டவுனில் என் கை வயர் இழுக்காத பழைய கடைவீடு குறைவு, ஆயர் ஈத்தாமில் சொந்த வீடு கட்டியதும் இந்தக் கைதான். கரண்டோடு பிழைத்தவனுக்கு மீட்டர் காட்டுவதுதான் நிஜம். அப்படிப்பட்ட நானே இதை எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எண்பதுகளின் தொடக்கம். சூலியா தெருவில் காதர் பாயின் மளிகைக் கடை, அதன் மாடியில் பழைய வயரை மாற்றுகிற வேலை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம், நல்ல மழை. சன்னல் பலகை இடுக்கில் வந்த வெளிச்சம் பச்சையாக இருந்தது, கீழே மூட்டைகளிலிருந்து கிராம்பு வாசம் ஏறி வந்தது, தண்ணீருக்கு அடியில் நின்று வேலை செய்வது போல எனக்கு ஒரு மயக்கம். என்னோடு இருந்தது என் மனைவியின் தம்பி மணியம்.

என் முறை இது. முதலில் கரண்டு உள்ள பிளக்கில் வைத்து மீட்டர் முள் ஏறுகிறதா பார்ப்பேன். பிறகு மெயினை அடைத்து, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வெட்ட வேண்டிய வயரில் வைப்பேன். முள் படுத்தே கிடந்தாலும் விடமாட்டேன், மறுபடி கரண்டு உள்ள இடத்தில் வைத்து மீட்டருக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கை வைப்பேன். மீட்டரின் இரண்டு முனையையும் ஒரே கையில், சீனர்கள் மீ நூடுல்ஸ் சாப்பிடும் குச்சி மாதிரிதான் பிடிப்பேன். மற்ற கையையும் கொடுத்தால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும்.

அன்றும் அப்படித்தான். ஏணியில் ஏறி வயரில் வைத்தேன், முள் அசையவில்லை. இறங்கி, எங்கள் மெயின் அடைத்திருந்ததால் பக்கத்துக் கடை பிளக்கில் மறுபடி பார்க்கக் கிளம்பினேன். அதற்குள் மணியம் குறடோடு ஏணி உச்சிக்கு ஏறிவிட்டான்.

"செத்த வயருக்கு எத்தன தடவ மச்சான் நாடி பாப்பீங்க? நீங்க வர்றதுக்குள்ள நான் முடிச்சிட்டு டீக்கடைக்கு தே ஓ குடிக்கப் போயிருப்பேன் லா!"

"டேய், உங்க அக்காவுக்குப் பதில் சொல்றது நான்தான். கைய எடு."

"என்ன அண்ணே, மீட்டர் சாமிக்குப் பூச இன்னும் முடியலியா?" என்று காதர் பாய் கீழேயிருந்து சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே குனிந்து, தரையில் வைத்திருந்த மீட்டரை எடுத்தேன்.

முள் எழுந்துகொண்டிருந்தது.

இரண்டு முனையும் என் கையில் காற்றில் தொங்குகின்றன, எதையும் தொடவில்லை. முள் குளத்தில் இலை மிதந்து வருவது போல அவசரமே இல்லாமல் ஏறி, வீட்டுக் கரண்டின் அளவான இருநூற்று நாற்பது வோல்ட்டில் நின்றது. மழைச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்தால் மணியத்தின் கை வயருக்கு விரலளவு தூரத்தில்.

"மணியம்! தொடாதடா! எறங்கு!"

அவன் பயந்துபோய் இறங்கினான். ஒரு படி இறங்கினான், முள்ளும் கொஞ்சம் இறங்கியது. அடுத்த படி, இன்னும் கொஞ்சம். அவன் கால் தரைப் பலகையில் பட்டதும் முள் படுத்துவிட்டது.

பக்கத்துக் கடைக்குப் போய் பிளக்கில் வைத்தேன். முள் ஏறவில்லை. மீட்டர் வயரின் ரப்பருக்குள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது, அந்த வயரால் மீட்டருக்கு எதுவும் தெரிந்திருக்க வழியே இல்லை. மீட்டருக்குப் புது வயர் மாட்டி, மாடியில் மணியம் வெட்டப்போன வயரில் வைத்துப் பார்த்தேன், இருநூற்று நாற்பது. நடுச்சுவருக்குள்ளே பக்கத்துக் கடைக் கரண்டை யாரோ எப்போதோ இந்த வயரில் இணைத்துவிட்டிருக்கிறார்கள்.

மணியம் கீழே கடைக்கு வந்து வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். "எப்படி மச்சான் தெரிஞ்சிச்சு?"

"அனுபவம்டா," என்றேன்.

இன்றுவரை அவன் தன் ஊரான பாகான் டாலாம் முழுக்க அதைத்தான் சொல்லித் திரிகிறான். என்னைப் புகழ்ந்து யார் பேசினாலும் உட்கார்ந்து கேட்பவன் நான், அந்தக் கதை வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவேன். அந்த மீட்டர் வயர் இல்லாமல் என் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. மணியம் வரும்போதெல்லாம் அதைக் கையில் எடுப்பான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே அவனிடமிருந்து வாங்கி, முள் தெரிகிற கண்ணாடி கீழே போகும்படி கவிழ்த்து வைப்பேன்.