புதன் இரவும் தங்கையின் ஓவர்டைம் கணக்கும்

கார்த்திகை மாதம் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, விடிந்தால் வியாழன், இரவு மணி இரண்டு நாற்பது. மாலையில் பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், சன்னலுக்கு வெளியே தகரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. அந்த நேரத்தில் என் தங்கை எங்களை விட்டுப் பிரிந்தார்.

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் வியாழக்கிழமை என்றுதான் முதலில் அச்சாகியிருந்தது. மருத்துவமனைச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தங்கையின் கணக்கில் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு நாள் முடிந்துவிடுவதில்லை. அந்தக் கணக்குக்காக அவர் ஒருமுறை தம் பிழைப்பையே பணயம் வைத்தார். அதைச் சொன்னால், முதல் பக்கத்தை மாற்றி அச்சடிக்கச் சொன்ன இந்தக் கிழவனை நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே உள்ளது. பெற்றோருக்கு நாங்கள் ஆறு பேர். நான் மூத்தவன், தங்கை கடைசி. இருவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம். வீட்டில் அவரை 'நீ' என்றும் 'வாடி' என்றும்தான் கூப்பிட்டேன். அச்சில் 'அவர்' என்று எழுதும்போது யாரோ வெளியாளைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது. ஆனாலும் மலருக்கு அதுதான் மரியாதை.

அப்பா ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதார். அறுவடை முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது, அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். அதன்பின் இரண்டு, மூன்று என்று போகும். தங்கைக்கு அப்போது ஆறு வயது. "ஏம்ப்பா, லாபங்கிறது ஒண்ணா, இல்ல ஒண்ணுக்கு முன்னாடியா?" என்று கேட்டார். களத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அளப்பவர் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டு மூன்று வரன்கள் தட்டிப்போய், இருபத்தெட்டாம் வயதில் மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். மைத்துனர் லாரி ஓட்டியவர், நல்லவர். மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோனபோது மகளுக்கு நான்கு வயது. தங்கை குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். வந்த இடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. தபால் வழியில் பி.காம். முடித்து, பட்டுக்கோட்டை சாலையில் இருந்த ஒரு நவீன அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் எடைமேடையில் சீட்டு எழுதினார், பிறகு சம்பளக் கணக்குக்கு வந்தார். மகளை நர்சிங் கல்லூரியில் சேர்த்தது அந்தச் சம்பளத்தில்தான். நான் பொதுப்பணித்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பென்ஷனிலிருந்து கட்டுகிறேன் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அது நடந்தது. ஆலையில் கைரேகை வைக்கும் இயந்திரம் வந்தது. அதுவரை வாட்ச்மேன் நோட்டில் ஓர் இரவு வேலை ஒரே வரியில் இருக்கும். முன்பிருந்த கணக்கர் போட்டுவைத்த வழியிலேயே தங்கையும் ஓவர்டைம் கணக்கிட்டு வந்தார். இயந்திரம் வந்த பிறகு கணக்கைக் கம்ப்யூட்டரே போட்டது. மாசி மாதம், சம்பா நெல் வந்து குவிந்து, இரவும் பகலும் ஆலை ஓடிய நேரம். சம்பளப் பட்டியல் வந்தபோது, பாய்லரிலும் ஊறல் தொட்டியிலும் இரவு வேலை பார்த்த எட்டுப் பேருக்கும் ஓவர்டைம் கட்டத்தில் சைபர்.

பாய்லர் பார்த்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அக்கா, மெஷினு எங்கள பாதி ராத்திரியிலயே வீட்டுக்கு அனுப்பிடுச்சு போலருக்கு" என்றாராம்.

கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அவர்கள் இரவு எட்டு மணிக்கு உள்ளே வந்து மறுநாள் காலை ஏழு மணிக்கு வெளியே போவார்கள். சாப்பாட்டு நேரம் ஒரு மணி போக, வேலை பத்து மணி நேரம். கம்ப்யூட்டர் பன்னிரண்டு மணிக்குத் தேதியை மாற்றி, அந்தப் பத்தை நான்கு, ஆறு என்று இரண்டு வரியாக்கிவிட்டது. எந்த வரியும் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டவில்லை. வாரக் கூட்டலை அதில் யாரும் போட்டுவைக்கவில்லை. சாப்ட்வேர் போட்டவருக்குப் போன் செய்தால், தேதி பன்னிரண்டு மணிக்குத்தானே மாறும், அதில் என்ன சந்தேகம் என்றாராம்.

தங்கை தஞ்சாவூர் போய்த் தொழிற்சாலைச் சட்டப் புத்தகம் வாங்கி வந்தார். நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேலோ வேலை செய்தால், மேற்பட்ட நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். நள்ளிரவைத் தாண்டிப் போகிற ஷிப்டில், பன்னிரண்டுக்குப் பின் வரும் மணிகளை முந்தைய நாளோடு சேர்க்க வேண்டும். இரண்டும் அந்தப் புத்தகத்தில் இருந்தன. இரண்டு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டு, காலையில் என்னிடம் நீட்டினார். "அண்ணே, கூட்டல் மட்டும் பாருங்க. வேற எதுவும் சொல்லாதீங்க."

வேறு சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. முதலாளியைப் பகைத்துக்கொள்ளாதே, கல்லூரிக்குப் பணம் கட்டும் மாதம் இது, வேலை போனால் என்ன செய்வாய் என்று வரிசையாகக் கேட்டேன். அவர் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே, "அண்ணன் கவலைப்படுறதுக்கு ஓவர்டைம் போட்டா அப்பா உழுத ஒன்பது மா நிலம் நம்மளதா இருந்து, அதை வித்தாலும் கட்டுபடியாகாது" என்றார். அதன்பின் நான் தாளைப் பார்த்தேன்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ஆளுக்கு மாதம் பதினைந்தாயிரத்து அறுநூறு. இருபத்தாறால் வகுத்தால் நாளுக்கு அறுநூறு, எட்டால் வகுத்தால் மணிக்கு எழுபத்தைந்து, இரட்டித்தால் நூற்றைம்பது. ஏன் முப்பதால் வகுக்கவில்லை என்று கேட்டேன். வார விடுமுறையில் வேலை இல்லை, வேலை நாளுக்குத்தான் சம்பளத்தைப் பங்கிட வேண்டும் என்றார். அதுவரை சரி. அடுத்ததில்தான் எனக்கு உதைத்தது. வாரத்துக்கு ஆறு இரவு. நாள் கணக்குப்படி ஒவ்வோர் இரவிலும் ஒரு மணி நேரம் மிகை, அது ஆறு. வாரக் கணக்குப்படி அறுபதில் நாற்பத்தெட்டு போகப் பன்னிரண்டு. இரண்டையும் கூட்டிப் பதினெட்டு என்று எழுதியிருந்தார்.

"நாப்பத்தெட்டும் பதினெட்டும் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அறுவத்தாறு."

"அவன் உழைச்சதே அறுவதுதானே?"

தங்கை தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரே மணி நேரத்தை நாளிலும் எண்ணி, வாரத்திலும் எண்ணியிருந்தார். இரண்டில் எது பெரியதோ அதை எடுக்க வேண்டும், கூட்டக்கூடாது. ஆளுக்கு வாரம் பன்னிரண்டு மணி நேரம், ஆயிரத்து எண்ணூறு ரூபாய். எட்டுப் பேருக்கு நான்கு வாரத்துக்கு ஐம்பத்தேழாயிரத்து அறுநூறு.

கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் அதற்கு முந்தின நாளே எட்டுப் பேரிடமும் பதினெட்டு என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அன்று வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அவர்களிடம் போய், தாம் போட்டது தப்பு, பன்னிரண்டுதான் வரும் என்றார். யாரும் கோபப்படவில்லையாம். "கூட்டுனதும் நீங்க, கழிச்சதும் நீங்க. வாங்கித் தர்றதும் நீங்களா இருந்தா சரிதான்க்கா" என்றாராம் பாய்லர் பார்த்தவர்.

பதினெட்டு என்ற பேச்சு அதற்குள் முதலாளியின் காதுக்கும் போயிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அந்த வருடம் அரிசி விலை இறங்கிக் கிடந்தது, இயந்திரம் வாங்கிய கடனும் இருந்தது. "நேத்துப் பதினெட்டுன்னீங்க, இன்னைக்குப் பன்னெண்டுங்கிறீங்க. நாளைக்கு ஆறும்பீங்களாம்மா? மெஷின் ஒரே பேச்சா சைபர்னு சொல்லுது" என்றார். மறுநாளிலிருந்து சம்பளக் கணக்கை ஆடிட்டர் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும், நீங்கள் எடைமேடைக்கே போங்கள் என்று சொல்லிவிட்டார். எடைமேடைக்குச் சம்பளம் குறைவு. கல்லூரிக்குப் பணம் கட்டக் கடைசித் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. தங்கை வழக்கம்போலச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு காலை பேருந்துக்குப் போனார்.

எடைமேடையில் அவர் பழைய வேலையைச் செய்தார். லாரி எடையைச் சீட்டில் எழுதுவது, சீட்டை அடுக்குவது. ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலை சீட்டுகளை அடுக்கும்போது, இரவு ஒரு மணிக்கு அதிராம்பட்டினத்துக்கு ஏற்றின லாரியின் சீட்டு கையில் வந்தது. நேரம் ஒரு மணி என்று இருந்தது. தேதி மட்டும் முந்தின நாளுடையது. முந்தின இரவின் சீட்டுகளைப் பார்த்தார், அவற்றிலும் அப்படியே. ஆலை தொடங்கிய காலம்தொட்டு, காலையில் புதுச் சீட்டுப் புத்தகம் எடுக்கிற வரை ஏற்றுவதெல்லாம் நேற்றைய கணக்குத்தான். அவரே சில வருடங்கள் அப்படி எழுதியவர். ஆனால் அதுவரை இதைச் சம்பளத்தோடு சேர்த்து நினைத்ததில்லை.

சீட்டோடு முதலாளியின் அறைக்குப் போனார். அங்கே நடந்ததைத் தங்கை சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"இந்த லாரி என்னைக்குக் கணக்குங்க?"

முதலாளி சீட்டைப் பார்த்தார். "நேத்துக் கணக்கு."

"ஏத்துனது பன்னெண்டு மணிக்கு மேலங்க."

"அதனால என்னம்மா, நேத்து வேலைதானே அது?"

தங்கை இடத்தைவிட்டு நகரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். முதலாளி சீட்டைத் திருப்பிப் பார்த்தார், வெளியே எட்டிப் பார்த்தார், டீ சொன்னார். டீ வந்து, குடித்து முடித்த பிறகு, "மூட்டைக்கு ஒரு நாளு, அதைத் தூக்குனவனுக்கு ரெண்டு நாளான்னு கேக்க வர்றீங்க. அதானே?" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலீங்க."

"கேக்காமயே இப்படின்னா, கேட்டா என்ன ஆவுறது? சாப்ட்வேர்காரரை வரச் சொல்லுங்க. நாள் காலையில எட்டு மணிக்குத் தொடங்குற மாதிரி மாத்தச் சொல்லுங்க. வாரக் கூட்டலும் போடச் சொல்லுங்க. இந்த மாசத்துத் தொகையை ரெண்டு தவணையாக் குடுப்பேன், அதுக்கு மேல முடியாது."

இரண்டு தவணையில் ஐம்பத்தேழாயிரத்து அறுநூறும் வந்தது. தங்கை பழையபடி சம்பளக் கணக்குக்கு வந்தார். கல்லூரிப் பணம் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கட்டியாயிற்று. அதிலிருந்து ஓய்வு பெறும்வரை மாதச் சம்பளத்தை அவரே போட்டார். ஒவ்வொரு மாதமும் கடைசியில் ஒரு சரிபார்ப்புச் செய்வார். சாதாரண நேரமும் ஓவர்டைம் நேரமும் சேர்ந்து, உழைத்த நேரத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு 'அண்ணன் கூட்டல்' என்று பெயர் வைத்திருந்தார். என்னைக் கேலி செய்வதற்கு வைத்ததுதான். இருந்தாலும் எனக்கு அதில் பெருமை உண்டு. உறவில் எத்தனையோ பிள்ளைகள், சென்னையில் செக்யூரிட்டி வேலையில் இருப்பவர், திருச்சியில் துணிக்கடையில் நிற்பவர், சம்பளச் சீட்டைப் படமெடுத்து அவருக்கு அனுப்புவார்கள். எந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும், யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று போனிலேயே சொல்லிக்கொடுப்பார். மகள் இன்று கும்பகோணத்தில் நர்ஸ். இரவு டூட்டிப் பட்டியல் போடும் பொறுப்பும் அவருக்கு வந்திருக்கிறது. பட்டியலைத் தன் அம்மா பார்த்தால் எங்கே விரல் வைப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் போடுவாராம்.

நுரையீரலில் நீர் கோத்துத் தங்கை மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். கடைசி நாள் இரவு எட்டு மணிக்கு டூட்டிக்கு வந்த செவிலியரிடம், எப்போது முடியும் என்று கேட்டார். காலை எட்டுக்கு என்றார் அந்தப் பெண். "ஒரு நாளாப் போடுறாங்களா, ரெண்டு நாளாவா?" என்றார் தங்கை. "எங்களுக்கு ஒரே டூட்டிதாம்மா" என்று சிரித்தார் அவர். தங்கை தலையசைத்தார். அதன்பின் அதிகம் பேசவில்லை. இரண்டு நாற்பதுக்கு அவர் கையைப் பிடித்திருந்ததும் எட்டு மணிக்கு வந்த அதே செவிலியர்தான். அவருக்கு எங்கள் குடும்பத்தின் முதல் நன்றி.

ஆலையில் இரவு வேலையில் இருந்த மூவர் செய்தி கேட்டுப் பாதியிலேயே கிளம்பி வந்து, விடிவதற்குள் பந்தலுக்கு மூங்கில் ஊன்றினார்கள். அந்த மூவருக்கும் அன்றைய இரவை முழு இரவாகவே போட்டதாக முதலாளி யாரிடமோ சொன்னது பிறகு என் காதுக்கு வந்தது. அவருக்கும் நன்றி. மறுபடி பிடித்த மழையில் வந்து நின்ற உறவினர்களுக்கும், பதினோரு நாளும் மருத்துவமனைக்குச் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி.

முதல் பக்கத்தை மாற்றச் சொன்னபோது தங்கையின் மகள், "சர்டிபிகேட்ல வியாழக்கிழமைன்னு இருக்கே மாமா" என்றார். சற்றுப் பொறுத்து, "அம்மா இருந்தா புதன்னுதான் போடச் சொல்லும்" என்று அவரே சொல்லிவிட்டார். வியாழன் என்பது சான்றிதழில் இருக்கட்டும். இந்த மலரில் புதன்.

இந்தக் கடைசி வரிகளை அச்சகத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் அடிக்கிற பெண்ணுக்கு இன்றைய ஒன்பது மணி நேரம் மாலை ஆறரைக்கே முடிந்துவிட்டது. இப்போது ஒன்பதரை. ஓனர் நூறு ரூபாய் தருவார், போதும் அய்யா என்கிறார். சம்பளத்தைக் கேட்டேன், பத்தாயிரத்து நானூறு. இருபத்தாறால் வகுத்து, எட்டால் வகுத்து, இரட்டித்தால் மணிக்கு நூறு. தான் அடிப்பது தன் கணக்கு என்று தெரிந்ததும் சிரிக்கிறார். இருநூறு பிரதிக்கு முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மறுபடி அச்சடிக்கத் தாளும் கூலியும் ஆயிரத்து நானூறு, இவருக்கு மூன்று மணி நேர ஓவர்டைம் முந்நூறு. இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். ஆக மொத்தம் நான் கட்ட வேண்டியது ஆயிரத்து எழுநூறு ரூபாய்.