சிவப்பு மையில் எழுதிய 'போலி'

திண்டுக்கல்லில் ஓர் அரசு சுகாதார அலுவலகத்தில், நர்ஸ் வேலைக்குத் தேர்வானவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் வேலை.

சென்ற ஆண்டு பேகம்பூரிலிருந்து பாத்திமா என்ற பெண் வந்தார். அவருடைய பதிவு எண்ணை நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் போட்டேன். வேறு யாரோ ஒருவரின் பெயர் வந்தது. மறுபடி போட்டும் அதே பெயர்தான். உடனே பட்டியலில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'போலி' என்று எழுதிவிட்டேன்.

"இது உங்க சான்றிதழே இல்லம்மா" என்றேன், வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழும்படி.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் நிதானமாக, "அக்கா, செத்த நேரம் நானும் பாக்கட்டா?" என்று கேட்டார். திரையைப் பார்த்தவர், "நீங்க போட்டது மிட்வைஃப் நம்பரு, அக்கா. நர்ஸ் நம்பர் சான்றிதழ்ல அதுக்கு மேல இருக்கு. நர்ஸ் வேலைக்கு ஒண்ணு, பிரசவம் பாக்க ஒண்ணுன்னு எங்களுக்கு ரெண்டு நம்பர் உண்டு" என்றார்.

மேலே இருந்த எண்ணைப் போட்டதும் அவர் பெயர் வந்தது. அந்தப் பட்டியல் மேலிடத்துக்குப் போயிருந்தால் அவருடைய வேலையோடு நல்ல பெயரும் போயிருக்கும். அத்தனை பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன்.

"இம்புட்டுப் பாக்குறீங்களே, நல்லதுதான்க்கா" என்று சிரித்தார். இப்போது ஆத்தூர் பக்கம் நர்ஸாக இருக்கிறார்.

இப்போதெல்லாம் எண் பொருந்தாவிட்டால், வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்து பார்த்த பிறகே பேனாவை எடுக்கிறேன். அப்படி உட்காரச் சொன்னபோது ஒரே ஒருவர் மட்டும், "ஜெராக்ஸ் எடுத்துட்டு வாரேன்" என்று போனார். இன்னும் வரவில்லை.

- ஆ. ஜெசிந்தா, திண்டுக்கல்