வாரேன் என்றொரு பொத்தான்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் அதனால்தான். திருப்பூர் சாயப்பட்டறை, கோழிக்கோட்டில் ஒரு பேக்கரி, மும்பையில் பிரவுசிங் சென்டர் என்று சுற்றினேன். டைபாய்டு வந்து ஊர் திரும்பியபோது களக்காட்டு வாழைக்காய் மண்டி ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி கிடைத்தது. சாப்பாடும் படுக்க இடமும் உண்டு என்றார்கள். உட்கார்ந்தேன்.

லாரி எடைமேடையில் ஏறினால் திரையில் எடை விழும். உடனே ஒரு சின்னப் பெட்டி குதிக்கும்: எடை பதிவாகிவிட்டது. அதை மூடினால் இன்னொன்று: சீட்டு அச்சாகிறது. மூடாவிட்டால் சீட்டு வராது. சீட்டு இல்லாமல் லாரி வாசலைத் தாண்டாது. பெட்டிகளை மூடுவதற்கென்றே ஓர் ஆள், நான். வெளியே லாரிகள் கேரளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும். மேசைக்கடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

லோடோடு நானும் போகட்டுமா என்று முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"அந்தப் பொட்டிய யாரு தட்டுவா, ஒங்க தாத்தனா? அது தானாப் போயிட்டுன்னா நீயும் போலே."

மும்பையில் சின்னச் சின்ன நிரல் எழுதப் பழகியிருந்தேன். திரையில் திறந்திருக்கும் ஜன்னல்களை ஓயாமல் பார்த்துக்கொண்டே இரு, 'மூடு' என்ற பொத்தான் தென்பட்டால் அழுத்து. அவ்வளவுதான் எழுதினேன். ஓட்டினால் பெட்டி அசையவில்லை. உற்றுப் பார்த்தேன். பொத்தானில் 'வாரேன்' என்று இருந்தது. இத்தனை நாள் அழுத்தியவன் ஒருநாளும் அதைப் படித்ததில்லை.

கணக்கு எழுதும் அக்கா சிரித்தாள். "அண்ணாச்சிதான் மாத்தச் சொன்னாவ. யாவாரம் பண்ணுத எடத்துல மூடுன்னு எழுதப்பிடாதாம்."

உண்மைதான். ராத்திரி அவர் கடையை 'எடுத்து வைப்பார்', விளக்கை 'அமர்த்துவார்'. மூடுவது, அணைப்பது என்ற பேச்சே கிடையாது.

நிரலில் அந்தச் சொல்லை மாற்றினேன். பெட்டிகள் வந்த வேகத்தில் மறைந்தன. அண்ணாச்சி திரை முன்னால் நின்று பார்த்தார்.

"அது என்ன சொல்ல வந்துதுன்னு கேக்காமலே அனுப்புதியேலே. சரி, ஏறு."

லாரி வள்ளியூரைத் தாண்டவில்லை, அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, கம்ப்யூட்டர் வாரேன்னுட்டுப் போயிட்டு."

"எங்க போச்சு?"

"மொத்தமாப் போச்சு. தொறந்தா நிக்க மாட்டேங்கு."

பின்னால் அண்ணாச்சியின் குரல். "வாரேன்னா வரணும்லா? அவனையும் வரச்சொல்லு!"

எனக்குப் புரிந்துவிட்டது. எடை போடும் திரையில்தான் சோதித்திருந்தேன். அக்கா முதல் பக்கத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே மூலையில், மண்டியின் எடை மென்பொருளையே விட்டு வெளியேறும் பொத்தான். அதிலும் வாரேன். என் நிரல் அதையும் அழுத்திவிட்டது. யாரும் கைதவறி நிறுத்திவிடக் கூடாதென்று என் நிரலைக் கண்ணில் படாமல் வேறு வைத்திருந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் கூடவே எழுந்துவரும்.

"எறங்குதியா, வாரியா?" என்றார் டிரைவர்.

மண்டி வாசலில் லாரிகள் வெயிலில் நிற்கும், காய் பழுத்துவிடும். இறங்கினேன். திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே யோசித்தேன். பொத்தானைத் தேடுவதற்கு முன் ஜன்னலின் தலைப்பைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு பெட்டிகளின் தலைப்பு என்றால் அழுத்து. வேறெது என்றாலும் தொடாதே.

மண்டிக்குள் நுழைந்ததும் டிரைவர்கள் திட்டினார்கள். அண்ணாச்சி நாற்காலியைக் காட்டினார். திருத்தினேன். பெட்டிகள் போயின, எடை மென்பொருள் போகாமல் நின்றது. லாரிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. நான் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன்.

மறுநாள், "ஏறிப் பாரு" என்றார் அண்ணாச்சி.

ஆரல்வாய்மொழி காற்றில் லாரி ஆடிற்று. போன் வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

"ஓடுது தம்பி, வை," என்றாள் அக்கா.

மார்த்தாண்டத்தில் டீக்கு நிறுத்தினார்கள். நான் கிளாஸைக் கையில் வைத்தபடி லாரியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.