மூடுபனிக்குள் போன வள்ளம்

சித்திரபுரம் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், சாரணியர் படைப் பெண்களை அணைத் தேக்கத்துக்கு வள்ளம் விடக் கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பையன்கள் முந்தின வருடமே போய்வந்து பெருமையடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று பெண்கள் தலைமையாசிரியரை நச்சரித்தார்கள். டீச்சர் ஒருத்தி கூட வந்தால்தான் அனுப்புவோம் என்று வீடுகளில் சொல்லிவிட்டார்கள். அங்கே பெண் என்று நான் ஒருத்திதான் வாத்தியார் வேலையில் இருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது.

அதைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். "நீச்சலுக்குத்தான் ஓவர்சியர் வாராரே. நீங்க பிள்ளைகளைப் பாத்துக்கிட்டா போதும்" என்றார். பிள்ளைகளை ஒரு பக்கமும் தண்ணீரை ஒரு பக்கமும் எப்படிப் பிரித்து வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

ஓவர்சியர் மின்சார இலாகாக்காரர். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். ஆற்றில் தலைகீழாகப் பாய்ந்து வளர்ந்த கதையை லாரி ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். படையில் அவர் மகளும் இருந்தாள், அவரைப் போலவே வாய் ஓயாத பெண். கிளம்பும்போது ஒரு தாய் என் கையைப் பிடித்து, "ஒங்கள நம்பித்தான் விடுதேன் டீச்சர், எனக்கு இவ ஒருத்திதான்" என்று சொல்லியிருந்தாள். அந்தக் கை இன்னும் என் கையின் மேல் இருப்பது போலவே இருந்தது.

தேக்கத்தின் கரையில் இறங்கியதும் பெண்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தேன். ஒருத்தி எங்கே என்று கேட்டால் மற்றவள் பதில் சொல்ல வேண்டும். விசில் கேட்டால் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

"என்ன டீச்சர், தண்ணியில கால் நனைக்காம போகவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்றார் ஓவர்சியர். "நான் பாஞ்சு காட்டுதேன். பிள்ளைகளும் பழகட்டும்."

"வேண்டாம் சார். இது ஆறு இல்ல. இதோட ஆழம் நமக்குத் தெரியாது."

"நீங்க ரொம்பப் பயப்படுதிய."

பெண்கள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் சண்டை போட எனக்கு மனமில்லை. நான் விட்டுக்கொடுக்கவும் இல்லை. கடைசியில், காற்றடைத்த லாரி ட்யூப் ஒன்றை வள்ளத்தில் போட்டுக்கொண்டு, பாதிப் பெண்களோடு அவர் துடுப்பு வலித்துப் போனார். அவர்கள் திரும்பிய பிறகு அவர் மகளும் சேர்ந்த மறு பாதியை ஏற்றுவதாகப் பேச்சு. இன்னொரு சின்ன வள்ளம் கரையில் கட்டிக் கிடந்தது.

என்னால் உட்கார முடியவில்லை. கரையில் அங்கும் இங்குமாக நடந்தேன். எலுமிச்சைச் சாதத் தூக்கைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். எதிர்க்கரை மலையிலிருந்து வெள்ளையாக ஏதோ சரிந்து வருவதை ஒரு பெண்தான் முதலில் காட்டினாள். நான் விசிலை வாயில் வைப்பதற்குள் மூடுபனி தேக்கத்தை மூடிவிட்டது. வள்ளம் தெரியவில்லை. தண்ணீரும் தெரியவில்லை.

விசிலை ஊதினேன். பதில் இல்லை. பிறகு, எங்கிருந்தோ ஒரு அலறல் கேட்டது. என்ன வார்த்தை என்று புரியவில்லை, "சார்" என்பது மட்டும் புரிந்தது.

ஓவர்சியர் மகள் சின்ன வள்ளத்தை நோக்கி ஓடினாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுங்க டீச்சர்! எங்க அப்பா!"

"போகக் கூடாது."

"எனக்கு நீந்தத் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியாது. விடுங்க!"

அவள் சொன்னது உண்மை. அவளை விட்டால் அவள் பின்னாலேயே இன்னும் நாலு பேர் ஏறுவார்கள் என்பதும் உண்மை. நானே ஏறிப் போகலாமென்றால் இங்கே இருப்பவர்களை யார் பார்ப்பது? பிடியை இறுக்கினேன். அவள் என் தோளில் குத்தினாள், அழுதாள். மற்றவர்களைத் தூக்குச்சட்டிகளைத் தட்டச் சொன்னேன். நிறுத்தாமல் தட்டச் சொன்னேன். கரை எந்தப் பக்கம் என்றாவது அவர்களுக்குக் கேட்கட்டும். கல்லாலும் கரண்டியாலும் தட்டினார்கள். மூச்சு வாங்க வாங்க நான் ஊதினேன்.

துடுப்புச் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு வள்ளம். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு துடுப்பாக வலித்துக்கொண்டு வந்தார்கள். ஓவர்சியர் வள்ளத்தின் அடியில் சுருண்டு கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பல் கிட்டி நடுங்கினார்.

பனியில் ஒரு துடுப்பு கை நழுவிப் போயிருக்கிறது. அதை எடுக்க அவர் குதித்திருக்கிறார். துடுப்பை எடுத்து வள்ளத்துக்குள் வீசவும் செய்தார், ஆனால் மலைத் தண்ணீரின் குளிரில் கால் பிடித்துக்கொண்டு, திரும்பி வர முடியவில்லை. தாவணிகளை முடிச்சுப் போட்டு ட்யூபில் கட்டி எறிந்து, பெண்கள்தான் அவரை இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"நாங்க யாரும் தண்ணியில இறங்கல டீச்சர்" என்றாள் ஒருத்தி, திட்டு விழும் என்று பயந்தவளாக. நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஓவர்சியரின் ஈரச் சட்டையைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி, சூடான தேயிலைத் தண்ணீர் கொடுத்தோம். மகள் அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

திரும்பும் லாரியில் வீடுகளுக்கு என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கி அடுக்கிக் கலைத்தேன். குவார்ட்டர்ஸ் பக்கம் வந்ததும் ஓவர்சியர் வாய் திறந்தார்.

"நான் சொல்லுதேன் டீச்சர். ஒங்க வாயால வேண்டாம்."

வீடு வீடாக நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் அவரே சொன்னார்: "டீச்சர் வேண்டாம்னாவ. நான்தான் குதிச்சேன். ஒங்க மக என்னைக் காப்பாத்துனா." சிலர் சிரித்தார்கள். ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார், அவர் பெண்ணைப் பிறகு படைக்கு அனுப்பவே இல்லை. என்னை நம்பி விட்ட அந்தத் தாய் மகளை மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு, "சோறு தின்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஓவர்சியர் மகள் கோடை விடுமுறை முழுக்க என்னைக் கண்டால் வேறு பாதையில் போனாள். பள்ளி திறந்த அன்று வகுப்பு முடிந்ததும் மேசை அருகே வந்து நின்றாள்.

"எங்க அப்பா செத்திருந்தாலும் என்னய விட்டிருக்க மாட்டீங்க, இல்ல?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, "அடுத்த தடவை எப்ப போவோம்?" என்று கேட்டாள்.