மஞ்சள் சட்டை கடந்து போகும்வரை

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத சலவைக்கூடத்தில், இருபத்திரண்டு வருஷமாக அவள் படுக்கை விரிப்பு தேய்க்கிறாள். ஆளைவிட நீளமான சூட்டு உருளை ஒன்று. இந்தப் பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வரும். எட்டு மணி நேரமும் நின்றே செய்கிற வேலை. காலில் நரம்பு புடைத்துக்கொண்டபோது டாக்டர், "சைக்கிள் ஓட்டுங்கம்மா" என்றார். நாத்தனாருக்கு அது போதாதா? அவள் ஒரு சைக்கிள் கிளப்பில் இருந்தாள். அடுத்த ஞாயிறே இவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். "அண்ணி, அண்ணி" என்று அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கிளப் மொத்தத்துக்கும் இவள் அண்ணியானாள். இவளைவிடப் பதினைந்து வயது மூத்த தலைவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

வருஷத்தில் ஒருநாள் கிளப் மலைப்பாதையில் உலாப் போகும். பந்தயம் கிடையாது, உல்லாசப் பயணம் என்று அறிவிப்பில் போடுவார்கள். உல்லாசமாம்! கடைசி ஏற்றத்தில் மட்டும் பதினொரு வளைவு. போன வருஷம் மூன்றாம் வளைவில் அண்ணி காலை ஊன்றிவிட்டு, மீதியைத் தள்ளிக்கொண்டே ஏறினாள். வெறும் வாயை மெல்லுகிற நாத்தனாருக்கு அவல் கிடைத்தது. யார் வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதைதான்: "எங்க அண்ணி சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டுப் போனவங்க!" இந்த வருஷம் கால் தரையில் படாமல் உச்சியைத் தொட்டே தீருவது என்று அண்ணி சங்கல்பம் செய்துகொண்டாள். ஏழு மாதம், வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தின் சரிவில் ஏறி ஏறி இறங்கினாள். பாவம், இந்தம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே காவலாளி நம்பினார்.

கிளப்புக்கு ஒரு விதி உண்டு. பாதை பிரிகிற இடத்தில் ஒருவர் நின்று கை காட்ட வேண்டும். எல்லோருக்கும் கடைசியாக மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒருவர் வருவார்; அவர் கடந்த பிறகுதான் நிற்கிறவர் நகரலாம். ஆள் நிற்காத பிரிவில் நேரே போக வேண்டும். மஞ்சள் சட்டைக்காரர் ஒரு பிளம்பர், ஊருக்கே புதியவர். பஞ்சர் ஒட்டுவதில் கெட்டிக்காரர் என்பதால் சேர்ந்த மூன்றாம் வாரமே கடைசி ஆளாக்கி, 'வால்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அன்று கடைசி ஏற்றத்தின் அடியில் நிற்கும் முறை அண்ணிக்கு. இடப்பக்கம் ஏற்றம். நேரே போகிற சாலை இறங்கி வேறொரு பள்ளத்தாக்குக்குப் போய்விடும். இருபது கிலோமீட்டருக்கு வீடு கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது. மழை கொட்டி ஓய்ந்திருந்தது. ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மஞ்சள் சட்டை வந்து இடப்பக்கம் திரும்பியது. அண்ணி கையை ஆட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் தானும் கிளம்பினாள்.

மூன்றாம் வளைவு போயிற்று. அவளுக்கே நம்ப முடியவில்லை. ஐந்து, ஆறு. நாக்குத் தள்ளியது, ஆனாலும் கால் தன் பாட்டுக்குச் சுற்றியது. இது என் கால்தானா என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது. கண்ணில் பட்டதெல்லாம் முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு முழம் தார்தான். எட்டாம் வளைவில் மஞ்சள் சட்டை அப்போதுதான் இறங்கித் தள்ளத் தொடங்கியிருந்தது. நெருங்கியதும் முக்காடு திரும்பியது. உள்ளே இருந்தது கிளப்பைச் சேர்ந்த வங்கிக் காசாளரம்மா.

"வாலோட சட்டை உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"நான் குளிர்ல நடுங்கினேன்னு கழட்டிக் குடுத்தார். அவர் பின்னாடி வராரு. நம்ம கிளப்ல புதுசா சேர்ந்த பல் டாக்டருக்குச் செயின் அறுந்துபோச்சு."

அண்ணி கணக்குப் போட்டாள். உச்சிக்கு இன்னும் மூன்றே வளைவு, பத்து நிமிஷம். அதற்குள் அவர்கள் பிரிவுக்கு வந்துவிட்டால், ஆளைக் காணோமே என்று நேரே இறங்கிவிடுவார்கள். மழையை, சட்டையை, செயினை, விதி போட்ட தலைவரை எல்லாம் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள். பிறகு சைக்கிளைத் திருப்பினாள். கால் ஊன்றாமலே திருப்பினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கீழே ஈ காக்கை இல்லை. நேர்ச்சாலையில் மழைச்சேறு படிந்திருந்தது. குனிந்து பார்த்தாள், ஒரு சக்கரத்தடம்கூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது. சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் தண்ணீர் இறங்குகிற சத்தம். மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது, இருந்தும் அது தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி அவளுக்கு மேல் சிலிர்த்தது.

கால் மணி கழித்து இருவரும், மேகமூட்டத்தில் அவளைக் காணாமல், நேர்ச்சாலையை நோக்கியே வந்தார்கள். அவள் கத்தியதும்தான் திரும்பினார்கள்.

"செயினைக் கோர்த்துட்டேன் அண்ணி, ஆனா ஏத்தத்துக்கான சின்ன கியர் விழாது" என்றார் வால். "டாக்டர் நடந்துதான் ஏறணும். நான் கூட இருக்கேன், நீங்க போங்க."

மறுபடியும் முதல் வளைவிலிருந்து. இந்தத் தடவை கால் இரண்டும் அவளுடையவையாக இல்லை. எண்ணுவதையும் விட்டுவிட்டாள். பத்தாம் வளைவில் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. காசாளரம்மா நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும்; ஒரு வருஷமாக மானத்தை வாங்கிய நாத்தனார், தொண்டை கிழியக் கத்தினாள்.

"அண்ணீ! விட்டுடாதீங்க! இன்னும் ஒரே வளைவு!"

பதில் சொல்ல அண்ணி தலையை நிமிர்த்தினாள். மேகம் விலகியிருந்தது.

மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் நீலமாக இன்னொன்று. பெய்த மழையெல்லாம் வெள்ளைக் கோடுகளாகப் பாறைகளில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வரை எண்ணினாள், அதற்கு மேல் எண்ண முடியவில்லை. தூரத்துச் சரிவு ஒன்றில் மட்டும் வெயில் விழுந்து, மெதுவாக நகர்ந்தது. இத்தனை பெரிசு போன வருஷமும் இங்கேதான் இருந்திருக்கிறது. பயமா சந்தோஷமா என்று தெரியாமல் கண்ணில் நீர் முட்டியது. ஓட்டிக்கொண்டே பார்க்கிற காட்சியா அது? அண்ணி இரண்டு காலையும் ஊன்றி இறங்கினாள்.

நாத்தனார் மேலேயிருந்து ஓடிவந்தாள். "என்ன அண்ணி இது! கூப்பிடு தூரம்! இங்க வந்தா கால ஊனுவீங்க?"

அண்ணி அவள் தாடையைப் பிடித்துப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பினாள்.

நாத்தனார் அங்கேயே சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள்: "ஆறு வருஷமா முதல் ஆளா ஏறுறேன் அண்ணி. ஒரு தடவைகூட இங்க நின்னதில்ல."